சொல்லாமல் மாற்றிய பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுவாதி செய்த காரியம் திங்கட்கிழமை காலை வரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

மாமியார் சரோஜம்மாளும் பிள்ளைகளும் மூத்த மருமகள் சுஜாதாவோடு வேப்பனப்பள்ளிக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். அண்ணன் தம்பியான புருஷன்மார் இரண்டு பேருக்கும் கம்பெனியில் ஓவர்டைம். ஆளில்லாத வீட்டில் சுவாதி லேப்டாப்பைத் திறந்தாள். சுஜாதா மூன்று வாரமாக உட்கார்ந்து செய்த வெப்சைட்டில், ஏழு கேள்விகள் இருந்த படிவத்தை நான்கு கேள்வியாகக் குறைத்தாள். பிறகு டீமில் இருக்கும் ஃபைஸானுக்கு போன் போட்டாள்.

"இதை ஏத்திடுங்க ஃபைஸான்."

"சுஜாதா மேடத்துக்குத் தெரியுமா மேடம்?"

"நான் சொல்லிக்கறேன்."

சொல்லவில்லை. ராத்திரி சாப்பாட்டு நேரத்திலும் சொல்லவில்லை. காலையில் இட்லி ஊற்றும்போதும் சொல்லவில்லை. எட்டரை மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில், அந்த வெப்சைட்டைக் காட்டுவதற்காக இருவரும் கிருஷ்ணகிரி பஸ் ஏறியபோது, சூளகிரி வருவதற்குள் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டாள்.

சுஜாதா ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளைங்க இல்ல, அத்தை இல்ல. நாம ரெண்டு பேரும் மட்டும் இப்படி பஸ்ல போயி எத்தனை வருஷமாச்சு, சொல்லு?"

பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே திரும்பியதும் அவள் சுவாதியின் தோளைத் தட்டினாள். "அங்க பாரு, நம்ம ஆபீஸ்! பல் டாக்டர் போர்டு மாட்டியிருக்காங்க."

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரே வாரத்தில் இருவரும் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். சுஜாதா வேப்பனப்பள்ளிக்காரி, தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அவள் வாயில் தண்ணீராக ஓடும். சுவாதி பாலக்கோட்டிலிருந்து வந்தவள், இரண்டு வயது சின்னவள். மூக்கண்டப்பள்ளி ஹாஸ்டலில் இருவருக்கும் ஒரே அறை. ஆபீஸில் ஒழுங்காக ஓடுகிற கம்ப்யூட்டரும் ஒன்றுதான். மவுஸ் சுஜாதா கையில், கீபோர்டு சுவாதி கையில்.

"அந்த ரோஜா ஞாபகம் இருக்குதா?" என்றாள் சுஜாதா.

மறக்குமா? தேன்கனிக்கோட்டைப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா போட்டிருந்த ஒருவருக்குத்தான் அவர்கள் முதல் வெப்சைட் செய்தது. திறந்தால் படம் மேலேயிருந்து வரி வரியாக இறங்கும். முழுப் பூவும் வருவதற்குள் டீ ஆறிவிடும்.

"நீங்க பெரிய படமாத்தான் போடணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்க" என்றாள் சுவாதி.

"நீ சின்னதாப் போட்டாத்தான் ஆச்சுன்னு மவுஸைப் பிடுங்கிட்டுப் போயி மாடிப்படியில உக்காந்துட்ட. ஓனர் வந்து பஞ்சாயத்து பண்ணாரு." சுஜாதா சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கரண்ட் போனால் இருவரும் அந்தப் படிக்கட்டில்தான் உட்காருவார்கள். வேர்க்கடலை உரித்துக்கொண்டே, பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அடுத்த பக்கத்தை வரைவார்கள். எந்த நிறம் வைப்பது என்று சண்டை வந்தால் சுஜாதா கீழே பஸ் ஸ்டாண்டைக் காட்டுவாள். "அந்த அம்மா கட்டிகினு போற சேலைக் கலரு. அதுதான்." அப்போதெல்லாம் சுவாதி அவளை அக்கா என்று கூப்பிட்டாலும் நீ, வா, போதான். ஒரு புள்ளி இப்படிப் போவதா அப்படிப் போவதா என்று தொண்டை வற்றக் கத்திவிட்டு, ஒரே தட்டில் சாப்பிடுவார்கள்.

சுஜாதாவுக்கு மணிவேலோடு கல்யாணமாகி ஹாஸ்டல் அறையில் சுவாதி தனியாகக் கிடந்த ஆறு மாதம்தான் அவள் வாழ்க்கையிலேயே நீளமான ஆறு மாதம். ஒருநாள் சுஜாதா கொழுந்தனின் போட்டோவோடு வந்து நின்றாள். "உன்னை வேற எவன் வீட்டுக்காச்சும் அனுப்பிட்டு நான் யாரு கூட சண்டை போடறது?"

சிநேகிதிகள் ஓரகத்திகள் ஆனார்கள். சுவாதி புது மருமகளாக வந்த மூன்றாம் நாள் சரோஜம்மாள் கூப்பிட்டுச் சொன்னாள்: "மூத்தவளை நீ, வான்னு பேசற பழக்கம் இந்த வீட்ல வேணாம் கண்ணு." அன்றிலிருந்து நீங்க, வாங்க. சண்டை இருந்த இடத்தில் மரியாதை வந்து உட்கார்ந்துகொண்டது.

சுஜாதா இரண்டு பிள்ளைகளுக்காக வேலையை விட்டு, திரும்பி வந்து, மறுபடி விட்டு, மறுபடி வந்தாள். அதற்குள் சுவாதி இப்போதைய கம்பெனியில் மேலே போய்விட்டாள். மார்ச் மாதம் முதலாளி அண்ணாதுரை அவளை டிசைன் டீமுக்கு லீடாகப் போட்டார். ஆறு பேர் கொண்ட டீம். அதில் சுஜாதாவும் ஒருத்தி.

மற்ற ஐந்து பேரிடமும் சுவாதி கூச்சமில்லாமல் பேசக் கற்றுக்கொண்டாள். இது சரியில்லை, இதை மாற்றுங்கள், நாளைக்குள் வேண்டும். சுஜாதாவின் வேலை வந்தால் மட்டும், "நல்லாருக்குக்கா" என்பாள். அப்புறம் யாரும் பார்க்காதபோது தானே திருத்திவிடுவாள். நேற்றோடு சேர்த்து நான்கு தடவை ஆகிவிட்டது.

போன வாரம் சமையலறையில் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். "அக்கா, அந்த ஃபார்ம்ல ஏழு கேள்வி கொஞ்சம் ஜாஸ்தியோ?"

"வேணும்னுதான் வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு சுஜாதா மிக்ஸியைப் போட்டாள். அதற்கு மேல் பேச சுவாதிக்கு வாய் வரவில்லை.

இப்போதும் வரவில்லை. சூளகிரி போயிற்று. குருபரப்பள்ளியும் போயிற்று. இத்தனை சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வருகிறவளிடம் எதைச் சொல்வது?

கிருஷ்ணகிரியில் மாங்காய் விவசாயிகள் சங்கத்தின் ஆபீஸ் மண்டிகளுக்குப் பின்னால் இருந்தது. ஜூன் மாதம். சாலை முழுக்க டிராக்டர்கள், மினி லாரிகள், பால் வடிந்த காயின் வாசனை. மாங்கூழ் ஃபாக்டரி வாசலில் ஒன்றரை நாள், இரண்டு நாள் என்று வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. அதை ஒழுங்குபடுத்தத்தான் இந்த வெப்சைட். எந்த விவசாயி எந்த நாள், எத்தனை மணிக்குக் காயைக் கொண்டுவரலாம் என்று போனிலேயே பதிவு செய்துகொள்ளலாம்.

சங்கத் தலைவர் சென்னப்பன் நடுவில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு விவசாயிகள். சுஜாதா சுவரில் இருந்த டிவியில் லேப்டாப்பை இணைத்தாள். "வணக்கங்கய்யா. நீங்க சொன்னதையெல்லாம் கேட்டுத்தான்..." என்று ஆரம்பித்தவள், பக்கம் திறந்ததும் நின்றாள்.

இரண்டு நொடிதான். டிவியைப் பார்த்தாள். திரும்பி சுவாதியைப் பார்த்தாள். பிறகு, தன் கண்ணால் முதல் தடவையாகப் பார்க்கிற ஒன்றை, தானே செய்தது போல விளக்க ஆரம்பித்தாள். "முதல்ல உங்க பேரு. அப்புறம்... அப்புறம் காய் ரகம். எத்தனை டன்..."



முன் வரிசையில் இருந்த வெங்கடம்மாள் தன் போனில் அதைத் திறந்து, ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்த்தாள். வேப்பனப்பள்ளிப் பக்கம் நாலு ஏக்கர் தோப்பைத் தனியாக நடத்துகிறவள்.

"ஏம்மா, பறிச்ச நாளு எங்க? கேக்கவே இல்லியே?"

அவள் சுஜாதாவைக் கைகாட்டினாள்.

"எந்தோப்புல வந்து உக்காந்துகினு அரை நாள் கேட்டுச்சே இந்தப் பொண்ணு. அப்பவே தலபாடா அடிச்சிகினேனே. மூணு நாளைக்கு முன்ன பறிச்ச காயும் இன்னைக்குக் காலையில பறிச்ச காயும் ஒரே வரிசையில நின்னா எது அழுகிப் போவும்? மின்ன பறிச்ச எங்காய்தான் அழுகிப் போவும். பறிச்ச நாளைக் கேட்டு மின்ன பறிச்சவங்களை மின்ன விடணும்னுதானே சொன்னோம்?"

"வண்டி என்னா வண்டின்னும் கேக்கல" என்றார் பின்னால் ஒருவர். "டிராக்டருக்கு இறக்கற இடம் வேற, லாரிக்கு வேற."

சென்னப்பன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் பார்வை சுஜாதா மேல் இருந்தது. "அவ்ளோ நேரம் கேட்டுகினு போயி கடைசியில இதைத்தான் பண்ணினியாம்மா? பெங்களூரு ஆளுங்களுக்குக் குடுக்கலாம்னு எல்லாரும் சொன்னாங்க. நாந்தான் நம்ம பக்கத்துப் பிள்ளைங்க, நம்ம கஷ்டம் தெரியும்னு உங்களுக்குக் குடுத்தேன்."

சுஜாதா தலையைக் குனிந்துகொண்டாள். 'நான் இல்லை, இவள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. லேப்டாப்பின் விளிம்பை மட்டும் இறுகப் பிடித்திருந்தாள்.

சின்னக் கோளாறுங்கய்யா, சரி பண்ணிடறோம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அந்த வாக்கியம் சுவாதியின் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் எல்லாரும் நம்பியும் இருப்பார்கள். சுஜாதாவின் குனிந்த தலையைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது. எழுந்து நின்றாள்.

"ஐயா, சுஜாதா செஞ்சதுல ஏழு கேள்வி இருந்துச்சு. நீங்க கேட்டது எல்லாமே இருந்துச்சு. அதைக் குறைச்சது நான். அவங்களுக்குத் தெரியாம நேத்து நானே மாத்திட்டேன். இப்ப உங்க முன்னாடிதான் அவங்களே பாக்கறாங்க. தப்பு என்னோடது."

சென்னப்பன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். 

"நீ யாரும்மா?" என்றார் சென்னப்பன்.

"நான்தாங்க டீம் லீடு."

அவள் அங்கேயே ஃபைஸானைக் கூப்பிட்டாள். "சனிக்கிழமை சுஜாதா குடுத்தது பத்திரமா இருக்குதில்ல? அதையே திரும்ப ஏத்துங்க. இப்பவே." ஃபைஸான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது வருவதற்குப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பதினைந்து நிமிடமும் சுஜாதா வெங்கடம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்து தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். சுவாதி நின்றுகொண்டே இருந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

பழைய பக்கம் வந்ததும் வெங்கடம்மாள் மறுபடி தட்டினாள். பறித்த நாள், வண்டி, எல்லாம் வந்தன. புதன்கிழமை காலை ஒன்பது மணி என்று நேரமும் வந்தது. போனைத் தூக்கிக் காட்டினாள்.

"சரி, இந்த சீசன் இதுல ஓட்டிப் பார்ப்போம்" என்றார் சென்னப்பன். சுவாதியைப் பார்த்து, விரலைச் சுஜாதா பக்கம் நீட்டினார். "ஆனா ஒண்ணு. இந்தம்மாவைக் கேக்காம நீங்க யாரும் இதுல கை வெக்கக் கூடாது."

"சரிங்கய்யா" என்றாள் லீடு.

திரும்பி வரும் பஸ்ஸில் சுஜாதா ஜன்னலோரம் உட்காரவில்லை. சூளகிரி வந்தபோது சுவாதிதான் ஆரம்பித்தாள்.

"அக்கா, மன்னிச்சுடுங்க."

"எத்தனை தடவை?"

"என்னது?"

"எத்தனை தடவை இப்படிப் பண்ணியிருக்க?"

சுவாதி விரலைப் பிசைந்தாள். "நாலு."

"மூணுன்னு நெனச்சேன்." சுஜாதா முன்னால் இருந்த கம்பியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீ லீடு ஆனப்ப எனக்கு வயித்தெரிச்சல் வரும்னு எல்லாரும் எதிர்பார்த்தாங்க. எங்கம்மா கூட கேட்டுச்சு. சத்தியமா வரல. இனிமே நல்லா சண்டை போடலாம்னு நெனச்சேன். நீ என்னாடான்னா எல்லாத்துக்கும் நல்லாருக்குக்கா, நல்லாருக்குக்கா. டீமுக்குப் புதுசா வந்த பையனைக் கூட நிக்க வெச்சுக் கேக்கற. என்னைக் கேக்கல. ஏன் சுவாதி? நான் பாவமா?"

"மூத்தவங்களை எப்படிக்கா..."

"மூத்தவ வீட்ல. அங்க உன் கீழ வேலை பாக்கறவ. தப்புன்னா தப்புன்னு சொல்லு, ஏசு, தாங்கிக்கறேன். நீயே திருத்தி வெச்சுட்டு நல்லாருக்குன்னு சொன்னா, நான் ஒண்ணுத்துக்கும் உதவாதவன்னு அர்த்தம். அதைத்தான் தாங்க முடியல."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. சுவாதி அழவில்லை. அழுதால் சுஜாதா சமாதானம் செய்ய ஆரம்பித்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

ஆபீஸ் போனதும் அண்ணாதுரை தன் அறைக்குக் கூப்பிட்டார். சென்னப்பன் அதற்குள் போனில் பேசியிருந்தார்.

"எல்லார் முன்னாடியும் நான்தான் தப்பு பண்ணேன்னு சொன்னீங்களாமே? டெக்னிக்கல் கோளாறுன்னு ஒரு வார்த்தையில முடிச்சிருக்கலாமே சுவாதி."

"முடிச்சிருக்கலாம் சார். அப்புறம் அந்த விவசாயிங்க சுஜாதாவை நம்ப மாட்டாங்க. நாளைக்கு அவங்க தோப்புல போய் உக்காந்து கேக்க வேண்டியவங்க சுஜாதாதான்."

அண்ணாதுரை பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. "போங்க, வேலையைப் பாருங்க" என்றார்.

சுவாதி நேராக டீம் உட்காரும் இடத்துக்கு வந்தாள். "எல்லாரும் ஒரு நிமிஷம். இனிமே ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் அவங்களுக்குச் சொல்லாம தொடக் கூடாது. இது எனக்கும் சேர்த்துத்தான்." பிறகு நாற்காலியை இழுத்து சுஜாதாவின் பக்கத்தில் போட்டாள். 

"அந்தப் பதிவு பட்டன் சரியில்லை" என்றாள்.

சுஜாதா நிமிர்ந்தாள். "என்னா சரியில்லை?"

"மஞ்சள் மேல வெளிர் பச்சை. வெயில்ல தெரியாது."

"மாங்காய் மாதிரி அழகா இருக்குது."

"அழகா இருக்குது. தெரியாது."

"தெரியும்."

"தோப்புல உச்சி வெயில்ல நின்னுகிட்டு ஒரு அம்மா இதைத் தேடணும். நீங்க ஏசியில உக்காந்து பாக்கறீங்க."

"நான் ஏசியிலயா? வேப்பனப்பள்ளியில வெயில்ல அரை நாள் உக்காந்தவ நான். நீ உக்காந்தியா?"

"நீ உக்காந்த, ஆனா இந்தப் பட்டனை அங்க வெச்சுப் பாத்தியா? வா, மொட்டை மாடிக்கு வா, காட்டறேன்!"

சொல்லிவிட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று சுவாதிக்கு உறைத்தது. பத்து வருடமாக வராத 'நீ'. சுஜாதா ஒரு கணம் அவளையே பார்த்தாள். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியேறினாள்.

ஃபைஸான் ஹெட்போனைக் கழற்றினான். "மேடம், எதுனா சண்டையா?"

"இல்ல தம்பி, வேலை நடக்குது" என்றாள் சுஜாதா படியிலிருந்தே.

மாடியில் மூன்று மணி வெயில் தகித்தது. சுஜாதா போனைச் சாய்த்துப் பார்த்தாள், கையால் மறைத்துப் பார்த்தாள், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"சரி. தெரியல" என்றாள் கடைசியில். "பட்டனை மாத்தறேன். கேள்வியில கை வைக்க விட மாட்டேன்."

"ஊரு தனியா, பஞ்சாயத்து தனியா எதுக்கு? ஊரைத் தட்டினா பஞ்சாயத்து தானா வராதா?"

சுஜாதா போனில் படிவத்தை மறுபடி தட்டிப் பார்த்தாள்.  "...வரும். அது ஒண்ணை எடுத்துடலாம். ஆறு. ஆறுக்குக் கீழ இறங்க மாட்டேன்."

"ஆறு போதும்."

இருவருக்கும் வேர்த்து ஊற்றியது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றபோது சுவாதிக்கு அந்தப் பழைய படிக்கட்டில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. வருடம் மட்டும்தான் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் இருவரும் பேசிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தபோது சரோஜம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னா, இன்னைக்கு ரெண்டு பேரும் வாசல்லயே சத்தம் போட்டுகினு வர்றீங்க?"

"ஆபீஸ் பேச்சு அத்தை" என்றாள் சுவாதி. அவளுக்கு மனசு லேசாக இருந்தது. தானே போய்க் காபி கலந்தாள். சுஜாதாவின் டம்ளரை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள்.

சுஜாதா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். தாழ்ந்த குரல். கன்னடம்.

"ஹௌது சார். பரோ சோமவார பர்த்தீனி. மனேலி இன்னூ ஹேளில்லா."

சுவாதிக்குக் கன்னடம் பேச வராது. ஆனால் பன்னிரண்டு வருடம் ஓசூரில் இருந்தவளுக்கு இது கூடவா புரியாது? ஆமாம் சார், வருகிற திங்கட்கிழமை வருகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வேறு எங்கோ வேலைக்குத்தான் என்று சுவாதிக்குத் தோன்றியது.

நேற்றைய சுவாதியாக இருந்தால் காலோசை கேட்காமல் திரும்பியிருப்பாள். புருஷனிடம் விசாரித்திருப்பாள். அண்ணாதுரையிடம் மறைமுகமாகப் பேசி, சம்பளத்தையோ சீட்டையோ மாற்றி, சுஜாதாவுக்குத் தெரியாமலே சுஜாதாவை நிறுத்தி வைக்கப் பார்த்திருப்பாள்.

அவள் நான்கு எட்டில் போய் டம்ளரைக் கல்லின் மேல் வைத்தாள்.

"அக்கா, திங்கக்கிழமை எங்க போறீங்க?"

சுஜாதா திடுக்கிட்டுத் திரும்பினாள்.  பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கல்லில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காரு, சொல்றேன்" என்றாள்.